ரப்பர் நாடும் தேயிலை நாடும்



சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியில் பெற்றோர் தினம் கொண்டாடினோம். விழா முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் என்னருகே வந்து நின்றார்.

"வாத்தியாரையா, எங்கப்பாவும் பெரியப்பாவும் ஒரே ஊருல இருந்து கிளம்புனவங்க. எங்கப்பா பால்மரம் வெட்ட மலாயாவுக்கு வந்தாரு. பெரியப்பா கொழுந்தெடுக்கக் கண்டிச் சீமைக்குப் போனாரு. அங்க போனவங்க நல்லா இருக்காங்களா, இங்க வந்த நாங்க நல்லா இருக்கோமா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரலாற்றைப் பாடமாகப் படித்தவன் நான். மலாயாத் தோட்டங்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். இலங்கைத் தோட்டங்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்த்ததில்லை. அந்தப் பாட்டிக்காகப் பார்த்தேன். அதன் விளைவே இன்றைய உரை.

வாழ்க்கைத் தரம் என்று எதைச் சொல்கிறோம்? கையில் வாங்கும் கூலி ஒன்றை மட்டும் கொண்டு அதை அளந்துவிட முடியுமா? நான் ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று கூலி. இரண்டு உடல்நலமும் குடியிருப்பும். மூன்று மானம். நான்கு குடியுரிமை. ஐந்து பிள்ளைகளின் படிப்பு. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் பயணத்தைப் பார்ப்போம். இலங்கைக்கு நம்மவர் போனது மலாயாவுக்கு வந்ததைவிட முந்தியது. 1830-களிலேயே அங்குக் காப்பித் தோட்டங்கள் பெருகின. அறுவடைக் காலத்தில் தமிழகத்திலிருந்து சென்ற மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1869-இல் காப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. அதன் பிறகு அந்த மலைகளில் தேயிலை ஏறியது. காப்பிக்குப் பருவத்தில் மட்டுமே ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே, வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள்.

மலாயாவில் முதலில் கரும்பு, பிறகு காப்பி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் என்று தோட்டங்கள் வளர்ந்தன. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த ஆள்சேர்ப்பு முகாம்களில் தங்கி, கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார்கள். இரு நாட்டுக்கும் ஆள் திரட்டியவர் கங்காணிதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது.

இலங்கையில் தொழிலாளி கடனோடு தோட்டத்துக்குள் நுழைந்தான். வழிச் செலவு, முன்பணம் எல்லாம் கங்காணி அவன் பெயரில் எழுதிய கடன். அவன் வேறு தோட்டம் போக வேண்டுமானால், 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். இவ்வளவு கடனை அடைத்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்பதே அந்தச் சீட்டின் பொருள். இந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. மலாயாவிலோ 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய கட்டணத்திலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910-இல் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு, சட்டப்படியாவது, தலையில் பயணக் கடன் இல்லை.

இனிக் கூலிக்கு வருவோம். 1920-களின் இறுதியில் இரு நாடுகளிலும் தோட்டக் கூலி வரையறுக்கப்பட்டது. மலாயாவில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இலங்கையில் 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். எண்ணை மட்டும் பார்த்தால் இலங்கைக் கூலிதான் கூடுதல் என்று தோன்றும். ஆனால் மலாயாக் காசு வெள்ளியின் காசு. இலங்கைச் சதம் ரூபாயின் சதம். அக்காலத்தில் ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல் கிடைத்தது. அப்படிக் கணக்கிட்டால், மலாயாவின் 50 காசு ஏறக்குறைய 78 சதம் ஆகும். ஆக, ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட இருவரில் தம்பிக்கு 78, அண்ணனுக்கு 54.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள், தாய்மார்களே! இரு நாட்டிலும் பெண்ணுக்கு ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்குதான். கடல் வேறு, கொடி வேறு, பயிர் வேறு. அந்த ஒரு வழக்கம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் 1984-இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாயிற்று.

அப்படியானால் மலாயாவே மேல் என்று முடித்துவிடலாமா? அவசரப்படலாகாது. ரப்பர் விலை பட்டம்போல் ஏறும், பட்டம்போலவே விழும். 1930-இல் உலகமெங்கும் மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது. 50 காசு 40 காசாயிற்று. பின்னர் அதற்கும் கீழே இறங்கியது. வேலையில்லை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தேயிலையையும் அந்த மந்தம் தாக்கியது; ஆனால் உலகம் தேநீர் குடிப்பதை நிறுத்திவிடவில்லை. ஆகவே தேயிலை ரப்பர் அளவுக்கு விழவில்லை. நல்ல நாளில் கூடுதலாகக் கொடுத்தது ரப்பர். கெட்ட நாளில் ஓரளவு தாங்கி நின்றது தேயிலை.

அடுத்து, உடல்நலமும் வீடும். தொடக்க காலத்தில் மலாயாத் தோட்டங்கள் மலேரியாக் காய்ச்சலின் கோட்டைகளாக இருந்தன. 1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் சாவு ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியது. கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினால் கொசு குறையும், காய்ச்சல் குறையும் என்று செய்து காட்டினார். தோட்டங்களில் நாம் இன்றும் காணும் அந்த நீண்ட கால்வாய்கள் வெறும் தண்ணீர்ப் பாதைகள் அல்ல. நம் முன்னோர் சிலரை உயிரோடு காத்தவை. இலங்கை மலையிலோ மலேரியா குறைவு. குளிரும், கொக்கிப்புழுவும், வயிற்றுக்கடுப்பும் அங்கே எமனாக வந்தன.

குடியிருக்க இரண்டு நாட்டிலும் லயம்தான். இலங்கையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் ஒரு குடும்பம். அதைக் 'காம்பிரா' என்பார்கள். நாம் கிராணி என்று அழைப்பவருக்கு அங்கே கணக்கப்பிள்ளை என்று பெயர். நம் ஆயாக்கொட்டகை அங்கே பிள்ளைக்காம்பிரா. காலையில் பெரட்டு மட்டும் இரண்டு இடத்திலும் பெரட்டுதான்! மலேசியாவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. பழைய லயங்கள் மெல்ல மெல்ல மாறின. இலங்கையில் நூறாண்டைக் கடந்த லயங்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

மூன்றாவது, மானம். வயிறு நிறைந்தாலும் தலை குனிந்தே நிற்க வேண்டுமென்றால் அது வாழ்வாகுமா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டார்கள். கூடவே கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, 1940 ஜனவரியில், இலங்கையின் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸாரின் குண்டுக்குப் பலியானார். இரண்டு நாட்டிலும் நிமிர்ந்து நிற்பதற்குக் கொடுத்த விலை ஒன்றே.

பிறகு போர் வந்தது. இலங்கை ஜப்பானியர் கையில் விழவில்லை, மலாயா விழுந்தது. சயாம் ரயில் பாதை போடப் பல்லாயிரக்கணக்கான தமிழர் இங்கிருந்து கொண்டு செல்லப்பட்டு, திரும்பாமலே போனார்கள். 78 சதம் வாங்கிய தம்பியின் பங்கில் இந்தக் கணக்கையும் எழுதத்தான் வேண்டும்.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவதே இன்றைய உரையின் முக்கியமான பகுதி. அதுதான் குடியுரிமை.

இலங்கைத் தோட்டத் தமிழருக்கு மலாயாத் தமிழரைவிட வெகு முன்னமே வாக்குரிமை கிடைத்தது. 1931-இலேயே அந்நாட்டில் வயது வந்தோருக்கு வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரும் அதைப் பெற்றனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களுள் ஒருவர். ஆனால் 1948 பிப்ரவரியில் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறக்குறைய ஏழு லட்சம் தோட்ட மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1949-இல் வாக்கும் போயிற்று. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதியைத் தம் விரல் நுனியால் கிள்ளிக் கொடுத்தவர்களுக்கு அந்த நாட்டில் பெயர் இல்லை!

1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர், அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த எஞ்சியவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கானோர், தாங்கள் பார்த்தேயிராத தமிழகத்துக்குப் போய், நீலகிரி முதலிய இடங்களில் மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினார்கள். இலங்கையிலேயே தங்கியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால்தான் தீர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

மலாயாவில் நடந்தது வேறு. 1957-இல் விடுதலை பெற்றபோது, அந்நாள் முதல் இந்த மண்ணில் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே குடிமகன் என்று அரசியல் சட்டம் சொன்னது. 1962-இல் அந்த விதி இறுக்கப்பட்டது. அதற்கு முன் வந்தவர்களும் பிறந்தவர்களும் மனுச் செய்து குடியுரிமை பெறலாம். முதல் ஓராண்டுக்கு மலாய்மொழித் தேர்வுகூட வேண்டாம் என்று சலுகை இருந்தது. கதவு திறந்திருந்தது. ஆனால் கதவு திறந்திருப்பதைத் தோட்டத்து மூலையில் இருந்தவனிடம் போய்ச் சொன்னவர் எத்தனை பேர்? பட்டணத்துக்குப் போய்வர ஒரு நாள் வேலை போகும். எழுதத் தெரியாது. 'நமக்கு எதுக்கு அந்தச் சீட்டு, வேலை இருக்கு, லயம் இருக்கு' என்று இருந்துவிட்டவர்கள் ஆயிரமாயிரம்.

அவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1969-இல், குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அப்போதுதான் அந்தச் சிவப்பின் பொருள் அவருக்கு விளங்கியது. அவருக்குப் பெர்மிட் கிடைத்தது. அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகள் ஒரே நிரையில் பால் எடுத்தவர்கள் இருவரும். அந்தக் குடும்பம் தகரப் பெட்டியோடு லாரியில் ஏறிப் பினாங்குக்குப் போனதையும், ரஜூலாக் கப்பலில் ஊர் திரும்பியதையும் என் தந்தை பல முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம், "ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தாண்டா" என்பார். அந்நாளில் ஏறக்குறைய 60,000 தோட்டத் தொழிலாளர் நாட்டை விட்டுப் போனதாகக் கணக்கு.

இலங்கையில் சட்டம் ஒரே வெட்டாக வெட்டியது; எல்லாரையும் வெட்டியதால், எல்லாரும் சேர்ந்து போராடினார்கள். இங்கே அறியாமை ஒவ்வொருவராக உதிர்த்தது. உதிர்ந்தவர்கள் தனித்தனியே போனார்கள். இன்றும் பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, படிப்பு. இலங்கை 1945 முதல் இலவசக் கல்வி கொடுத்த நாடு. படிப்பறிவிலும் ஆயுளிலும் ஆசியாவின் முன் வரிசையில் நின்ற நாடு. ஆனால் தோட்டப் பள்ளிகள் அந்தப் பந்தியில் உட்கார வைக்கப்படவில்லை. 1977-க்குப் பிறகுதான் அரசாங்கம் அவற்றை முழுமையாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 1970-களின் நடுவில், உணவுப் பஞ்சம் வந்தபோது, தோட்டக் குழந்தைகளின் சாவு நாட்டுச் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. நாட்டின் சராசரி உயர்ந்திருந்தால் எல்லார் வாழ்வும் உயர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலாயாவில் தோட்டப் பள்ளிகள் 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் அரசாங்க உதவி பெறும் தேசிய மாதிரிப் பள்ளிகளாயின. அன்று 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம்தான். தோட்டம் கலைந்தது, பள்ளியும் கலைந்தது.

ஆம், தோட்டமே கலைந்தது. இதை நாம் எதிர்பார்க்கவில்லை. இலங்கையில் தேயிலை மலைச் சரிவில் இருக்கிறது. அங்கே பட்டணம் எழும்புவது அரிது. மலேசியாவில் ரப்பர் நின்ற சமவெளியில் பட்டணங்கள் எழும்பின. சுபாங் ஜெயா, சீபீல்ட் தோட்டமாக இருந்த இடம். நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டமாக இருந்த இடம். நிலத்தின் விலை ஏறியது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவனுக்கு லயத்து வீடும் போயிற்று. ஏனென்றால் அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. இந்த ஆபத்தை முன்னறிந்து, 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கித் தொழிலாளரே தோட்டங்களுக்கு உடைமையாளர் ஆனார்கள். அது எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றவில்லை. ஆனால் கூலிக்காரனாலும் நிலம் வாங்க முடியும் என்று காட்டியது. இலங்கையிலும் அண்மைக் காலமாகத்தான், லயத்தை விட்டு ஏழு பேர்ச் நிலத்தில், உறுதிப் பத்திரத்தோடு தனி வீடு என்ற திட்டம் சிறிது சிறிதாக நடந்து வருகிறது.

இன்றைய நிலை என்ன? தலைக்கு வருமானம் என்று பார்த்தால், மலேசியா இலங்கையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆயுளில் இரண்டு நாடுகளும் அருகருகே நிற்கின்றன. இலங்கைத் தோட்டத் தொழிலாளி நெடுநாள் போராடி 2021-இல் நாளுக்கு 1,000 ரூபாய் பெற்றான். அப்போது அது ஏறக்குறைய 20 ரிங்கிட். மறு ஆண்டே அந்நாட்டில் பொருளாதார நெருக்கடி. அதே 1,000 ரூபாய் 12 ரிங்கிட் அளவுக்குச் சுருங்கியது. மலேசியாவில் 2013-இல்தான் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2025-இல் அது 1,700 ரிங்கிட் ஆயிற்று. ஆனால் இன்று நம் தோட்டங்களில் அந்தச் சம்பளத்துக்குச் செம்பனை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

பெற்றோர்களே, பாட்டியின் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். கூலியில் இங்கே வந்த தம்பி மேலாக இருந்தான். ஆனால் கூலி ரப்பர் விலையோடு ஏறி இறங்கியது, ரூபாய் மதிப்போடு கரைந்தது. இரண்டு நாட்டிலும் யார் குடும்பம் நிலைத்தது என்று பார்த்தால், மூன்று பொருளைக் கையில் வைத்திருந்தவர்களின் குடும்பம்தான் நிலைத்தது. பெயர் எழுதிய குடியுரிமைச் சீட்டு, பிள்ளை பெற்ற படிப்பு, தன் பெயரில் உள்ள கூரை. இவை இருந்தவனைத் துரை மாறினாலும், பயிர் மாறினாலும், தோட்டமே விற்றுப் போனாலும், எவராலும் அசைக்க முடியவில்லை. இவை இல்லாதவன் 78 சதம் வாங்கினாலும் ஒரு நாள் தகரப் பெட்டியைத் தூக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின், வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா? பன்னிரண்டு வயதானவனுக்கு அடையாள அட்டை எடுத்தாயிற்றா? சேமநிதிக் கணக்கில் மாதாமாதம் பணம் சேருகிறதா? திருமணம் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால், நாளையே கிளம்புங்கள். ஒரு நாள் சம்பளம் போகும் என்று தயங்க வேண்டாம். அந்த ஒரு நாளைத் தயங்கியவர் என் தாத்தா. எழுதத் தெரியவில்லை என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் போங்கள். மனுவை எழுதித் தருவதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதிதான்.

அந்தப் பாட்டியிடம் சென்ற வாரம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு முந்தானையில் முடிந்திருந்த பிளாஸ்டிக் உறையை அவிழ்த்து, உள்ளேயிருந்த நீல அடையாள அட்டையைக் காட்டினார். "இதை எங்கப்பா அலைஞ்சு வாங்கிக் குடுத்தாரு, வாத்தியாரையா. பெரியப்பா வீட்டுல யாராவது வாங்கியிருப்பாங்கள்ல?" என்று கேட்டார். 2003-க்குப் பிறகு வாங்கியிருப்பார்கள் பாட்டி என்றேன்.